பெயர் பொருந்தவில்லை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், முதியோர் பென்ஷன், கல்லூரி விண்ணப்பம் என்று கட்டம் போட்ட காகிதம் எதுவானாலும் என் மேஜைக்கு வந்துவிடும். யாராவது ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு வந்தால் திட்டாமல் இருக்க என்னால் முடியாது. எனக்கு வாய் நீளம் என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். நீளம்தான், ஆனால் என் கையால் போன விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை. தங்கச்சி அனுப்பிய போன் வந்து சேரும்வரைக்கும் அந்தத் திமிரோடுதான் இருந்தேன்.

போன் வந்தது அத்தாவுக்கு. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபிறகு என்னோடும் என் வீட்டுக்காரரோடும் இருக்கிறார். தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பதனிட்ட தோலைத் தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கட்டின் மேல் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் மார்க் எழுதுவது அவர் வேலை. அங்கே ஓடிய மெஷின்கள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டன. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது மெஷின் வாங்கி மாட்டினோம். எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் கேட்டுவிடும். பட்டன் போனைக் காதில் வைத்தால் மட்டும் இரைச்சல்தான். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கௌரவக் குறைச்சல். "சரி சரி, ஆகட்டும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லி வைத்துவிடுவார். நாங்களும் அதைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

பேகம்பூரில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். தோல் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டில் பேத்தி அப்போது நிறைமாதம். ஒரு நாள் காலையில் கூட்டாளியின் மகன் போன் செய்திருக்கிறான். அத்தாவுக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, இவராகவே பேறுகாலம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். "நல்லதுப்பா, ரொம்ப சந்தோசம், சாயங்காலமா வாரேன்" என்று சொன்னதை அடுப்படியில் இருந்து நானே கேட்டேன்.

சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு, கடையில் ஜிலேபி வாங்கிக்கொண்டு போனார். வாசலில் பந்தலும் நாற்காலிகளும். கூட்டாளி காலையிலேயே மவுத்தாகி, அஸர் தொழுகை முடிந்து அடக்கமும் முடிந்திருந்தது. ஜிலேபிப் பொட்டலத்தோடு அந்த வாசலில் நின்றிருக்கிறார் என் அத்தா. கூட்டாளியின் மகன் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனானாம். அது இன்னும் மோசம் என்றார் அத்தா, திட்டியிருந்தால் தேவலை என்றார். வீட்டுக்கு வந்ததும் பட்டன் போனை அணைத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். அதன்பிறகு தொடவில்லை.

இதைத் தங்கச்சியிடம் சொன்னது நான்தான். அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். படிக்கப்போனவள் அங்கேயே வேலையில் சேர்ந்து, கூட வேலை பார்த்த வேறு மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் போனில் அத்தா அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "இனிமே எம் பேரச் சொல்லிக்கிட்டு எங்கயும் நிக்காத." அதற்குப் பிறகு அவளோடு பேச்சில்லை. நான் மட்டும் கடையிலிருந்து பேசுவேன். வீட்டில் அவளைப் பற்றி மூச்சு விடமாட்டேன். நான் பேசுவது அத்தாவுக்குத் தெரியும், தெரியாதது மாதிரி இருப்பார்.

ஜிலேபிக் கதையைக் கேட்டுத் தங்கச்சி அந்தப் பக்கம் அழுதாள். பிறகு காது மெஷினின் மாடல் நம்பரைக் கேட்டாள். அந்த மெஷின் சில வகைப் போன்களோடு நேரடியாகச் சேருமாம். எதிராளி பேசுவது வெளியே கேட்காமல் மெஷின் வழியாகக் காதுக்குள்ளேயே கேட்குமாம். என் போன் அந்த வகை இல்லை. அவள் பழைய போன் அந்த வகைதான். லீவுக்கு வந்த சித்தையன்கோட்டைக்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. "யாரு குடுத்துவிட்டது" என்று அத்தா கேட்டதும் சொல்லிவிட்டேன். மேஜையில் இருந்த டப்பாவை அவர் தொடவில்லை. இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் காலை பள்ளிவாசலில் இருந்து வந்து, பட்டன் போனை பீரோவிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல உள்ள சிம்ம அதுல மாத்திக் குடு" என்றார். மகள் மேல் இருந்த கோபத்தை அந்த ஜிலேபி கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சிம்மை மாற்றினேன்.

இந்த சிம் இந்தப் போனில் செல்லாது என்று திரையில் வந்தது. கழற்றித் துடைத்துப் போட்டேன். என் சிம்மைப் போட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில். கடைக்குக் கொண்டுபோய் வைஃபையில் போட்டால் படம் வந்தது, பாட்டு வந்தது, சிம்முக்கு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. அத்தா வீட்டில் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. பள்ளிவாசல், காய்கறி மார்க்கெட், கூட்டாளிகள் வீடு என்று சுற்றுகிறவருக்கு வைஃபையை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

செல்போன் ரிப்பேர்க் கடைக்காரரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது அங்கத்த கம்பெனி போனு. அவிங்க சிம்மத் தவிர வேற எதையும் சேத்துக்காது. லாக் போட்டுருக்காங்க" என்றார். பிறகு, "பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு பூட்டத் தொறக்க முடியலைன்னா எப்புடிக்கா" என்று சிரித்தார். அந்த வாரம் இதே நகைச்சுவையை நாலு பேரிடம் கேட்டேன். முதல் ஆளுக்கு மட்டும் சிரித்தேன்.

அவர் ஒரு வழி சொன்னார். சிம் அளவில் காகிதம் போல மெல்லிசாக ஒரு தகடு. அதை சிம்மோடு ஒட்டிச் செருகினால், உள்ளூர் சிம்மை அந்த ஊர் சிம் என்று போன் நம்பிவிடும். எத்தனை நாள் நம்பும் என்பதற்கு மட்டும் கியாரண்டி இல்லை என்றார். மாட்டச் சொன்னேன். டவர் வந்துவிட்டது. ஓட்டமாக வீட்டுக்கு வந்து காது மெஷினோடு சேர்த்து, மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த அத்தா கையில் கொடுத்தேன்.

செத்த நேரத்தில் போன் அடித்தது. கூட்டாளியின் மகன்தான். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறான். அத்தா வழக்கம்போல போனைக் காதோடு வைத்து அழுத்தினார். பிறகு மெல்லக் கீழே இறக்கி, உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்தார். குரல் போனில் இல்லை, காதுக்குள் இருந்தது. முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "தம்பி, அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கலப்பா. நான் வேற நெனச்சுச் சொல்லீட்டேன்" என்றார். இத்தனை நாள் நேரில் போய்ச் சொல்ல முடியாத வார்த்தை அது. அந்தப் பையன் என்ன சொன்னானோ, அத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்கால அஸர் பாங்கு சொல்வதற்குள் டவர் போய்விட்டது. ரிப்பேர்க்காரர் தகட்டை மாற்றிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அதற்கப்புறம் அது வேலை செய்யவே இல்லை.

ஒரு தடவை கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் போனது அத்தாவுக்குத் தாங்கவில்லை. அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. "அவ பூட்டித்தான் குடுத்துவிட்டுருக்கா" என்றார்.

"அவ பூட்டலத்தா. கம்பெனிக்காரன் போட்டது."

"யாரு போட்டா என்ன. தொறந்து குடுத்துவிடணும்னு தோணலைல்ல. அந்தச் சித்தையன்கோட்டைக்காரரு வெள்ளிக்கெழம கெளம்புறாருல்ல, அவருகிட்டயே திருப்பிக் குடுத்துவிடு. எனக்கு வேணாம்."

எட்டு வருஷமாகப் பூட்டி வைத்திருப்பது யார் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்று திங்கட்கிழமை. போன் திரும்பிப் போனால் அது வெறும் போனாகப் போகாது. அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டதாகத்தான் போய்ச் சேரும். அவள் இன்னொரு தடவை நீட்டமாட்டாள், அவள் அத்தா மகள்.

கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பதறிவிட்டது. "தவணையெல்லாம் எப்பவோ முடிஞ்சதுக்கா. அதுவாத் தொறந்துருக்கும்னு நெனச்சேன். கம்பெனி வெப்சைட்டுல ஒரு பாரம் போடணும். நான் போடுறேன்" என்றாள்.

"பாரம் போடுறது எந் தொழிலு. நீ வேலைக்குப் போ" என்றேன். இந்த வாய்தான்.

எளிதான பாரம்தான். போனின் பதினைந்து இலக்க நம்பர், அவளுடைய அந்த ஊர் நம்பர், பெயர், கடைசிப் பெயர். இந்தக் கடைசிப் பெயர் என்கிற கட்டம் நம் ஆட்களுக்கு எப்போதும் தலைவலி. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். இனிஷியலை விரித்து எழுது என்பேன். ஆம்பிளை என்றால் அப்பா பெயர். பொம்பிளை என்றால் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர், பின்னால் வீட்டுக்காரர் பெயர். நானே கல்யாணமான மாதத்தில் ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு எல்லாவற்றிலும் அத்தாவின் எழுத்தை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் எழுத்தைப் போட்டவள். யாரும் சொல்லவில்லை, எல்லாரும் செய்வார்கள், நானும் செய்தேன். அதனால் தங்கச்சிக்கும் கை தானாக அவள் கணவர் பெயரைப் போட்டது. அதுவும் அத்தா அப்படி ஒரு வார்த்தை சொன்ன பிறகு அவர் பெயரை அவள் ஏன் வைத்திருக்கப்போகிறாள்?

மறுநாள் பதில் வந்தது. கொடுத்த பெயர் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை. நான் கம்பெனியைத் திட்டினேன். அவள் கணவர் பெயரை இன்னும் நீட்டமாக, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து, மறுபடி போட்டேன். புதன்கிழமை காலை அதே பதில், கூடவே ஒரு எச்சரிக்கை. இன்னும் ஒரு முறைதான் அனுப்பலாம், அதுவும் தவறினால் ஒரு மாதம் கழித்துத்தான். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக என் மேஜைக்கு இரண்டு விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவளையே கூப்பிட்டேன்.

"கடைசிப் பேருல என்ன போட்ட?" என்றாள்.

"ஒன் வீட்டுக்காரரு பேருதான்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"அது நான் மாத்தலைக்கா."

"மாத்தலையா? பெறகு என்ன பேரு இருக்கு?"

"அத்தா பேருதான். பாஸ்போர்ட்டு, ஆபீசு, பேங்கு எல்லாத்துலயும். இங்க கடைசிப் பேரச் சொல்லித்தான கூப்புடுவாங்க. ஆஸ்பத்திரியில போயி உக்காந்தா அத்தா பேரச் சொல்லித்தான் என்னைய உள்ள கூப்புடுறாங்க. ஒவ்வொரு தடவையும் அவரு பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கும்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவளே சொன்னாள். "எம் பேரச் சொல்லாதன்னாரு. நான் சொல்லலைக்கா. அவிங்கதான் சொல்றாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தா பார்த்து வைத்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அத்தாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு, நல்ல மகள் என்று ஊரில் பெயர் வாங்கியவள் நான். அவர் எழுத்தை எடுத்தெறிந்ததும் நான்தான். என் பெயரைச் சொல்லாதே என்று அத்தா விலக்கி வைத்தவள், கண்காணாத தேசத்தில் அந்தப் பெயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அத்தா பெயரைத் தட்டினேன். "அக்கா, செத்த இரு. எழுத்து எழுத்தாச் சொல்லு, பாப்போம்" என்றாள். சொன்னேன். "எச் விட்டுட்ட" என்றாள்.

அத்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ இங்கிலீஷில் பெயர் எழுதுகையில் நடுவில் ஒரு எச் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். தோல் ஷாப் சம்பளப் புத்தகம்வரை அதே எச்தான். நான் கடை வைத்ததும் செய்த முதல் வேலை, அத்தாவின் கார்டு ஒவ்வொன்றிலும் அந்தப் பிழையைத் திருத்தியது. வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. தங்கச்சியின் காகிதங்கள் என் கைக்கு வரவே இல்லை, அதனால் அங்கே அது அப்படியே இருந்தது. "நீ திருத்திராதக்கா" என்றாள் இன்னொரு தடவை. எச் எழுத்தைப் போட்டேன். அனுப்பும் முன் நாலு தடவை படித்தேன்.

வியாழக்கிழமை கடையைத் திறந்ததும் பதில் வந்திருந்தது. பூட்டு எடுக்கப்பட்டது என்று. நான் ஜெராக்ஸ் கடைக்காரி, எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்குப் போனேன்.

அத்தா போனைக் கட்டி வைத்திருந்தார். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்குமாக, தோல் கட்டு கட்டுவது போலவே கட்டி, மேலே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் தங்கச்சியின் பெயர். முன்னால் இனிஷியல் இல்லை.

காகிதத்தை அவர் மடியில் வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, மார்க் எழுதிய பழக்கத்தில் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும். கம்பெனிக்காரன் அவள் கடைசிப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தான், டியர் மிஸ் என்று ஆரம்பித்து. அத்தா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனார். எச் எழுத்தில் வந்து விரல் நின்றது.

"இது எம் பேருல்ல."

"ஆமாத்தா."

"எனக்கா எழுதிருக்கான்?"

"ஒங்களுக்கு இல்ல. அவளுக்கு."

"அவளுக்கு எழுதுறதுக்கு எம் பேர ஏன் போட்டுருக்கான்?"

சொன்னேன். அவருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்லி அவளை உள்ளே கூப்பிடுவதையும், எட்டு வருஷமாக அவள் மாற்றாமல் இருப்பதையும், நான் சொல்லலை அவிங்கதான் சொல்றாங்க என்று அவள் சொன்னதையும், தெருவே கேட்கும்படி கத்திக் கத்திச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தா விரலை எடுக்கவே இல்லை. "இந்த எழுத்த நீ எடுத்துட்டேல்ல" என்றார்.

"தப்புன்னு எடுத்தேன்."

"அவ எடுக்கல" என்றார்.

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன், வேண்டாம் என்றார். தான் போட்ட முடிச்சைத் தானே நகத்தால் நெம்பி, பல்லால் இழுத்து அவிழ்த்தார். நான் சிம்மைப் போட்டு, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். திரை ஒரு தடவை அணைந்து வந்தது. மூலையில் கோடு கோடாக டவர் ஏறியது. காது மெஷினோடு சேர்த்துக் கொடுத்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அஸருக்குப் போய்விட்டார். கூட்டாளிகள் யாருக்காவது பண்ணுவார் என்று நினைத்தேன்.

தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"இப்ப அங்க விடிஞ்சிருக்குமா?"

"இப்பத்தான் விடியும்."

"எந்திரிச்சிருப்பாளா?"

நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மணி அடிப்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் எடுத்ததும் கேட்கவில்லை. இத்தனை பாடுபட்டுத் திறந்த போனில் வருகிற சத்தம் முழுக்க அவர் காதுக்குள் போயிற்று, எனக்குக் கிடைத்தது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். அத்தா முதலில் சலாம் சொன்னார். போன் என்றால் பேகம்பூருக்கே கேட்கக் கத்துகிறவர், இன்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டும் கேட்காமலும் சொன்னார். அந்த மெல்லிய குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது, யார் என்று கேட்டிருப்பாள் போல.

அத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னைய அங்க கூப்புடுறாங்கள்ல ஒரு பேரு," என்றார். "அந்தப் பேருக்காரன்தாம்மா பேசுறேன்."